கரீபியன் போவதானால் நவம்பர் கடைசியில் போங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறைக்கு எங்கே போவது என்ற பேச்சு நம் சிங்கப்பூர் வீடுகளில் ஜூன் விடுமுறை முடிந்த கையோடு தொடங்கிவிடுகிறது. பாலி, பெர்த், ஜப்பான் எல்லாம் பார்த்து முடித்த குடும்பங்களில் இப்போது கரீபியன் தீவுகளின் பெயரும் அடிபடுகிறது. விளம்பரத்தில் நீலக் கடலும் வெள்ளை மணலும் இருக்கும். அங்கே போக எங்கே விமானம் மாற வேண்டும், எந்த மாதம் போக வேண்டும் என்பது மட்டும் இருக்காது. இந்தப் பயணம் கெட்டால் பெரும்பாலும் கடற்கரையில் கெடுவதில்லை; நாள்காட்டியிலும் விமானம் மாறும் இடத்திலும்தான் கெடுகிறது. அதனால் இந்தக் கடிதத்தில் பெரும்பகுதி அந்த இரண்டைப் பற்றியது.

அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1ல் தொடங்கி நவம்பர் 30ல் முடிகிறது. ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை அதன் உச்சம். செப்டம்பர் 10ஐ ஒட்டிய நாள்கள் மிக மோசம். நம் செப்டம்பர் விடுமுறை நேராக அதற்குள் போய் விழுகிறது. ஒரு வாரத்தில் அவ்வளவு தூரம் போய்த் திரும்பவும் முடியாது. மார்ச் விடுமுறையில் அங்கே வானிலை அருமை, ஆனால் அதுவும் ஒரே வாரம். மிஞ்சுவது ஜூனும் ஆண்டிறுதியும்.

ஜூனில் புயல் அபாயம் குறைவு, அறை வாடகையும் மலிவு. தொல்லை வேறு பக்கமிருந்து வருகிறது. சர்காசம் என்ற பழுப்பு நிறக் கடற்பாசி 2011 முதல் பல ஆண்டுகளில் அட்லாண்டிக்கில் பெருமளவு பெருகி, நீரோட்டத்தோடு மிதந்து வந்து தீவுகளின் கரைகளில் குவிகிறது. மார்ச், ஏப்ரலில் தொடங்கி ஆகஸ்ட் வரை அதன் காலம். கிழக்குக் கரையும் தெற்குக் கரையும்தான் அதிகம் மாட்டும்; மேற்குக் கரை பெரும்பாலும் தப்பிவிடும். ஈரமாகக் கிடக்கும்வரை வெறும் குப்பைதான். இரண்டு நாள் வெயிலில் அழுகத் தொடங்கினால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கிளம்பும்: கூழ்முட்டை நாற்றம். காலில் போட்டிருக்கும் வெள்ளிக் கொலுசுகூடக் கறுத்துவிடும். ஜூனில்தான் போக முடியும் என்பவர்கள் மேற்குக் கரையில் அறை எடுங்கள். அறை பதியுமுன் அந்தக் கடற்கரையின் பெயரோடு ‘சர்காசம்’ என்று சேர்த்துத் தேடி, சென்ற ஆண்டு ஜூனில் எடுத்த படங்களைப் பாருங்கள். விடுதியின் சொந்தப் படங்களில் பாசி இருக்காது.

ஜூன் கடைசிக்குள் திரும்பிவிடுவது நல்லது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2024 ஜூலை 1ல் பெரில் புயல் நான்காம் நிலை வேகத்தில் (ஐந்துதான் உச்சம்) கிரெனடாவைச் சேர்ந்த காரியகூ தீவில் கரையேறியது. பருவம் தொடங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

இனி ஆண்டிறுதி. நம் பள்ளிகள் நவம்பர் மூன்றாம் வாரத்தை ஒட்டி மூடுகின்றன. கரீபியன் விடுதிகளின் உச்சக் கட்டணம் வழக்கமாக டிசம்பர் நடுவில் தொடங்கி ஏப்ரல் நடுவரை நீடிக்கும். குளிருக்குத் தப்பி வரும் பிரிட்டிஷ்காரர்களும் வட அமெரிக்கர்களும் கிறிஸ்மஸுக்கு முன் வந்து நிறைந்துவிடுவார்கள். ஆக, நவம்பர் கடைசி வாரத்திலிருந்து டிசம்பர் 14 வரை ஏறக்குறைய மூன்று வாரம். புயல் பருவம் முடிகிறது, பாசி அடங்கியிருக்கிறது, விலை இன்னும் ஏறவில்லை, பிள்ளைகளுக்கும் விடுமுறை. இங்கிலாந்தில் அந்த நேரம் பள்ளிகள் திறந்திருக்கின்றன; அமெரிக்காவிலும் நவம்பர் கடைசியில் வரும் நன்றி நவிலல் விடுமுறை தவிர அப்படித்தான். அந்த ஊர்க் குடும்பங்களுக்குக் கிடைக்காத இடைவெளி நமக்குக் கிடைக்கிறது. அதை விட்டுவிட்டு டிசம்பர் 20ஆம் தேதி கிளம்பும் குடும்பங்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

அதற்காக நவம்பரில் புயலே வராது என்று சொல்லவில்லை. 1999 நவம்பர் நடுவில் லெனி என்ற புயல் வழக்கத்துக்கு மாறாக மேற்கிலிருந்து கிழக்கே போய், எப்போதும் அமைதியாக இருக்கும் மேற்குக் கரைகளை அடித்தது. 2025 அக்டோபர் 28ல் மெலிசா ஐந்தாம் நிலைப் புயலாக ஜமைக்காவில் கரையேறியது. ஆபத்தைக் குறைக்க நினைப்பவர்கள் தெற்கே பாருங்கள். டச்சு ஆட்சிக்கு உட்பட்ட அருபா, குராசோ, பொனேர் மூன்றும் வட அட்சக்கோடு 12 பாகையை ஒட்டியவை. டிரினிடாடும் டொபேகோவும் 10, 11 பாகையில். புயல்களின் வழக்கமான பாதை இவற்றுக்கு வடக்கே.

மழை? மதியத்துக்குமேல் இருபது நிமிடம் கொட்டிவிட்டு வெயில் அடிக்கும். அதே நாள்களில் சிங்கப்பூரிலும் வடகிழக்குப் பருவமழைதான். வீட்டில் இருந்தாலும் நனையத்தான் போகிறோம். டிசம்பர் ஏற ஏறக் காற்று வலுக்கும். அந்த ஊரில் இதற்குக் ‘கிறிஸ்மஸ் காற்று’ என்று பெயரே உண்டு. படகில் வாந்தி எடுப்பவர்கள் தீவுக்குத் தீவு படகில் போகும் திட்டத்தை டிசம்பர் முதல் வாரத்துக்குள் முடித்துக்கொள்ளலாம்.

அடுத்தது வழி. சிங்கப்பூரிலிருந்து எந்தக் கரீபியன் தீவுக்கும் நேரடி விமானம் இல்லை. பார்படோஸ், செயின்ட் லூசியா, ஆன்டிகுவா போன்ற ஆங்கிலம் பேசும் தீவுகளுக்கு லண்டன். குவாதலூப், மார்ட்டினிக் தீவுகளுக்குப் பாரிஸ். அருபா, குராசோவுக்கு ஆம்ஸ்டர்டாம். எல்லாவற்றுக்கும் பொதுவாக நியூயார்க் அல்லது மயாமி. பறக்கும் நேரம் எந்த வழியிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். லண்டனுக்கு 14 மணி, அங்கிருந்து பார்படோஸுக்கு 9 மணி. நியூயார்க்குக்கு இடைநில்லாமல் 18, 19 மணி, அங்கிருந்து ஏறக்குறைய 5 மணி.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். வெள்ளி இரவு 11.30க்குச் சாங்கியில் ஏறினால் சனி காலை ஆறு மணி வாக்கில் லண்டன். 10.30க்கு அடுத்த விமானம் என்றால் பார்படோஸில் சனி பிற்பகல் 3.30. அப்போது நம் ஊரில் ஞாயிறு அதிகாலை 3.30. வாசலிலிருந்து அல்ல, சாங்கியிலிருந்தே 28 மணி நேரம். திரும்பும்போது சனி மாலை கிளம்பினால் ஞாயிறு காலை லண்டன், திங்கள் காலை சாங்கி. போக ஒரு நாள், வர இரண்டு நாள் போய்விடும். ஒரு வாரம் மட்டும் விடுப்பு எடுத்துக்கொண்டு இந்தப் பயணத்தில் இறங்க வேண்டாம். 12 நாள் இருந்தால்தான் செலவுக்கு நியாயம்.

ஒரு வசதி: பார்படோஸ், டிரினிடாட் போன்ற கிழக்குத் தீவுகள் நமக்குச் சரியாக 12 மணி நேரம் பின்னால். முள் கடிகாரம் கட்டுபவர் முள்ளைத் திருப்பவே வேண்டாம். பகல் இரவாகும், அவ்வளவுதான். ஜமைக்கா 13 மணி நேரம் பின்னால். ஆனால் உடம்புக்கு இதைவிடப் பெரிய நேர மாற்றம் உலகத்தில் கிடையாது. முதல் இரண்டு நாள் பிள்ளைகள் விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து சாப்பாடு கேட்பார்கள். அந்த நாள்களில் படகுச் சவாரி, முக்குளிப்பு எதையும் பதியாதீர்கள். பால், ரொட்டி, வாழைப்பழம் வாங்கி அறையில் வைத்துவிடுங்கள்.

வழியில் எது சறுக்கும் என்பதைச் சொல்லியாக வேண்டும். விலை குறைகிறது என்று லண்டன்வரை ஒரு சீட்டு, அங்கிருந்து தீவுக்கு வேறொரு சீட்டு என்று தனித்தனியாக வாங்குபவர்கள் உண்டு. முதல் விமானம் மூன்று மணி நேரம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு அதில் பொறுப்பில்லை. அவர்கள் கணக்கில் நீங்கள் ‘வராத பயணி’. வராத பயணிக்குப் போகும் பயணத்தோடு திரும்பும் பயணத்தையும் பொதுவாக ரத்து செய்துவிடுவார்கள். சிறிய தீவுகளுக்கு விமானம் தினமும் கிடையாது. அடுத்தது இரண்டு நாள் கழித்து இருக்கலாம். ஒரே பதிவு எண்ணில் இரண்டு பகுதியும் இருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றுவது நிறுவனத்தின் வேலை. பதியும்போது கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: ‘பெட்டியைச் சாங்கியில் போட்டால் நேராகத் தீவில்தான் எடுப்பேனா?’ ஆம் என்றால் அநேகமாக ஒரே சீட்டு. தனித்தனிதான் வேண்டும் என்றால் லண்டனில் ஓர் இரவு தங்கிவிடுங்கள்.

இரண்டாவது சறுக்கல், லண்டனில் ஒன்றுக்கு மேற்பட்ட விமான நிலையங்கள் இருப்பது. கரீபியன் விமானங்கள் சில ஹீத்ரோவிலிருந்து, சில கேட்விக்கிலிருந்து. இரண்டுக்கும் இடையில் அறுபது கிலோமீட்டருக்கு மேல் நெடுஞ்சாலை. நெரிசல் இல்லாவிட்டால் பேருந்தில் ஒரு மணி நேரம். நெரிசல் இல்லாத நாள் அபூர்வம். ஐந்து மணி நேரத்துக்குக் குறைவான இடைவெளியில் இந்த மாற்றத்தை ஏற்காதீர்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2024 ஜூனிலிருந்து கேட்விக்குக்கும் பறக்கத் தொடங்கியது. தீவு விமானம் கேட்விக் என்றால் அந்தச் சேவை ஒத்துவருகிறதா என்று முதலில் பாருங்கள். பாரிஸிலும் இதே கதை: நாம் இறங்குவது சார்ல் த கோல், பிரெஞ்சுத் தீவு விமானங்களில் பெரும்பாலானவை ஓர்லியில்.

கடப்பிதழ் விஷயத்துக்கு வருவோம். சிங்கப்பூர்க் கடப்பிதழுக்குப் பார்படோஸ், டிரினிடாட், ஜமைக்கா, பிரெஞ்சுத் தீவுகள் எங்கும் சுற்றுலா விசா வேண்டாம். இடைவழிதான் கேள்வி. ஹீத்ரோவில் குடிநுழைவைக் கடக்காமல் உள்ளேயே விமானம் மாறினால் பிரிட்டனின் இடிஏ என்ற மின்னணுப் பயண அனுமதி தேவையில்லை. பெட்டியை எடுக்கவோ கேட்விக் போகவோ வெளியே வந்தால் தேவை. சிங்கப்பூரர்களுக்கு இது 2025 ஜனவரி 8ல் நடப்புக்கு வந்தது. அமெரிக்காவில் ‘உள்ளேயே மாறுவது’ என்பதே கிடையாது. இரண்டு மணி நேரம் நின்றாலும் குடிநுழைவைக் கடந்து, பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டும். அதற்கு எஸ்டா என்ற இணையவழிப் பயண அனுமதி வேண்டும். அதன் கட்டணம் 2025 செப்டம்பர் 30 முதல் 21 டாலரிலிருந்து 40 டாலராக உயர்ந்தது. இரண்டையும் அந்தந்த அரசாங்கத்தின் இணையத்தளத்தில் மட்டும் எடுங்கள். தேடலில் முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் இரட்டிப்பு விலை கேட்கும் இடைத்தரகர்கள்.

கியூபாவை ஆசைப்பட்டுச் சேர்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 2021 ஜனவரி 12க்குப் பிறகு கியூபா போனவர்களுக்கு எஸ்டா கிடையாது. அதன்பின் அமெரிக்காவில் விமானம் மாறுவதற்குக்கூடத் தூதரகத்தில் நேர்காணல் கொடுத்து விசா வாங்க வேண்டும். வேலை நிமித்தம் அமெரிக்கா போய்வருபவர்கள் ஹவானாவின் பழைய கார்களுக்காக இந்தத் தலைவலியை வாங்கிக்கொள்ளலாமா என்று யோசிக்கட்டும்.

நம்மவர் வீடுகளில் மனைவி குடிமகள், கணவர் இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசி என்பது சாதாரணம். அப்படிப்பட்ட குடும்பங்கள் எந்தக் கடப்பிதழுக்குக் கெடுபிடி அதிகமோ அதை வைத்துத்தான் பாதையைப் போட வேண்டும். பார்படோஸ், ஜமைக்கா, டிரினிடாட் மூன்றும் இந்தியக் கடப்பிதழையும் விசா இல்லாமல் ஏற்கின்றன. ஆனால் ஹீத்ரோவில் உள்ளேயே மாறுவதற்கும் இந்தியக் கடப்பிதழுக்கு இடைவழி விசா தேவை; செல்லுபடியாகும் அமெரிக்க, கனடிய, ஆஸ்திரேலிய விசா போன்றவை இருந்தால் விலக்கு உண்டு. பிரெஞ்சுத் தீவுகளில் இன்னொரு சிக்கல்: குவாதலூப்பும் மார்ட்டினிக்கும் பிரான்சின் பகுதிகளே என்றாலும் ஐரோப்பிய நாடுகளின் பொது விசா வட்டாரமான ஷெங்கனுக்குள் வராதவை. கையில் ஷெங்கன் விசா இருந்தால் போதாது. விண்ணப்பிக்கும்போதே அந்தத் தீவின் பெயரைச் சொல்லி, அங்கும் செல்லும் என்று குறித்து வாங்க வேண்டும். பாரிஸில் விமான நிலையம் மாற ஷெங்கன் விசாவும் வேண்டும். இதை ஓர்லி முகப்பில் தெரிந்துகொள்வது நல்லதல்ல.

எந்தத் தீவு? ஒன்றே ஒன்று. ‘ஐந்து தீவு, எட்டு நாள்’ என்பது நகரப் பேருந்துச் சுற்றுலாவுக்குச் சரி. தீவுகளுக்கிடையே பறப்பவை சிறிய விமானங்கள், பெட்டி எடைக் கட்டுப்பாடு கடுமை, புறப்படும் நேரத்தையும் அடிக்கடி மாற்றுவார்கள். ஒவ்வொரு தாவலும் அரை நாளைத் தின்றுவிடும். இரண்டாவது தீவு வேண்டுமே வேண்டும் என்றால் டிரினிடாட்-டொபேகோ பொருத்தம்: ஒரே நாடு, ஒரே பணம், விமானத்தில் அரை மணிக்கும் குறைவு.

முதல்முறை போகும் குடும்பத்துக்குப் பார்படோஸ். பரப்பு 431 சதுர கிலோமீட்டர், சிங்கப்பூரைவிடச் சிறியது. நீளம் 34 கிலோமீட்டர். எங்கே தங்கினாலும் எங்கேயும் போய் வரலாம். வண்டி நம் ஊர் போலவே இடப்பக்கம். கடற்கரைகள் அனைத்தும் பொதுமக்களுக்குத் திறந்தவை. விலையுயர்ந்த விடுதியின் முன்னால் இருக்கும் மணலிலும் நீங்கள் துண்டு விரிக்கலாம். மேற்குக் கரை குளம் மாதிரி, பிள்ளைகளுக்கு அதுதான். தெற்கில் மிதமான அலை. கிழக்கே பத்ஷீபா, பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் அது திறந்த அட்லாண்டிக், இழுப்பு அதிகம். அங்கே பாறைக் குட்டைகளில் கால் நனைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

சாப்பாட்டுக்கும் சொந்த பந்த உணர்வுக்கும் டிரினிடாட். 1845 மே 30ல் ஃபாடல் ரசாக் கப்பலில் முதல் இந்தியத் தொழிலாளர்கள் இறங்கிய நாள் இன்றும் அங்கே பொது விடுமுறை. நம் ஜூன் விடுமுறை தொடங்கும் நேரத்தில் வருகிறது. காலையில் தெருவோரத்தில் விற்கும் ‘டபுள்ஸ்’ தேடிப் போய்ச் சாப்பிட வேண்டியது: மஞ்சள் சேர்த்துப் பொரித்த இரண்டு மெத்தென்ற ‘பாரா’, நடுவில் குழையவிட்ட கொண்டைக்கடலை, மேலே புளிச் சட்னியும் வெள்ளரித் துருவலும் மிளகாய்ச் சாறும். பாரா என்பது வடைக்குச் சொந்தக்காரப் பெயர்தான். மிளகாய் கொஞ்சம் போதும் என்றால் ‘ஸ்லைட்’ என்று சொல்லுங்கள். நம் சில்லிபாடியில் பழகிய நாக்குக்கும் அந்த மிளகாய் வேறு ரகம். கார்னிவல் பார்க்க நினைப்பவர்களுக்கு 2027ல் யோகம்: பிப்ரவரி 8, 9, சீனப் புத்தாண்டு விடுமுறையை ஒட்டியே வருகிறது. ஆனால் 2024 டிசம்பர் கடைசியிலும் 2025 ஜூலையிலும் அங்கே அவசரநிலை அறிவிக்கப்பட்டது. தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயின் இருட்டியபின் நடந்து சுற்றும் ஊர் அல்ல. வெளியுறவு அமைச்சின் பயண ஆலோசனையைப் பார்த்துவிட்டுப் பதியுங்கள். கரீபியன் தீவுகளில் நம் நாட்டுக்குத் தூதரகம் கிடையாது என்பதால், அமைச்சின் இணையப் பதிவில் பயண விவரத்தைக் கொடுத்து வைப்பது அவசியம்.

நம் தமிழர் பேச்சில் அடிபடாத தீவு குவாதலூப். புதுச்சேரியிலிருந்து கிளம்பிய ஒரேலி கப்பல் 1854 டிசம்பர் 24ல் அங்கே முதல் தொழிலாளர்களை இறக்கியது. பின்னர் வந்தவர்களிலும் தமிழர் பலர். இன்றும் ராமசாமி, சிதம்பரம், முத்துசாமி என்பவை பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் அங்கே குடும்பப் பெயர்கள். கபெஸ்தேர் ஊரை ஒட்டிய ஷான்ஜியில் மாரியம்மன் கோவில் இருக்கிறது. அம்மனை அவர்கள் ‘மாலியேமேன்’ என்கிறார்கள். தமிழ் பேசத் தெரிந்தவர்கள் அரிது, சடங்கில் மட்டும் சொற்கள் தங்கியிருக்கின்றன. சில வழிபாடுகளில் ஆடு, சேவல் பலி உண்டு. சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். தீவின் தேசிய உணவுபோல விற்பது ‘கொலம்போ’: கொத்தமல்லி, சீரகம், மஞ்சள், கடுகு, வெந்தயப் பொடி போட்ட கறி. நம் ‘குழம்பு’தான் அப்படி ஆயிற்று என்பது அங்கே பரவலான விளக்கம். பிரெஞ்சு தெரியாமல் சமாளிப்பது கடினம், வண்டியும் வலப்பக்கம். முதல் பயணத்துக்கு இந்தத் தீவைச் சொல்ல மாட்டேன், இரண்டாவதற்குச் சொல்வேன்.

டிரினிடாட் போகிறவர்கள் கவனிக்காமல் விடுவது மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ். டிரினிடாட் அந்த நோய் அபாயமுள்ள இடமாகப் பட்டியலிடப்பட்டது. அபாய நாடுகளில் கடந்த ஆறு நாள்களுக்குள் இருந்தவர்களிடம் சிங்கப்பூர் குடிநுழைவில் தடுப்பூசிச் சான்றிதழைக் கேட்பார்கள், நாம் ஊர் திரும்பும்போதும்தான். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே சான்றிதழ் செல்லுபடியாகும். அதன்பின் ஆயுள் முழுக்கச் செல்லும். எல்லா மருந்தகங்களிலும் போட மாட்டார்கள், அங்கீகாரம் பெற்ற இடத்தில்தான். கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போது முடித்துவிடுங்கள். அறுபது வயதைத் தாண்டியவர்களும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் போட வேண்டாம். தாத்தா பாட்டியோடு போகும் குடும்பம் இந்த ஒன்றுக்காகவே பார்படோஸுக்கு மாறுவதில் தப்பில்லை. டிரினிடாடிலிருந்து வேறு தீவுக்குத் தாவினாலும் அந்தத் தீவும் சான்றிதழ் கேட்கலாம். மஞ்சள் நிறப் புத்தகத்தின் அசல் கையில் இருக்கட்டும். கைப்பேசிப் படம் போதாது.

சைவக் குடும்பங்கள் சின்ன ரைஸ் குக்கரைப் பெட்டியில் வைப்பது வழக்கம். செயின்ட் லூசியா, கிரெனடா, டொமினிக்கா தீவுகளில் மின்சாரம் 230 வோல்ட், பிளக்கும் நம் மூன்று சதுர முனைப் பிளக், அங்கே கவலையில்லை. பார்படோஸிலும் டிரினிடாடிலும் 115 வோல்ட், அமெரிக்கத் தட்டை முனை. பிளக் மாற்றி வாங்கிச் சொருகினால் குக்கர் விளக்கு எரியும், சோறு மட்டும் வேகாது. வோல்ட் பாதியானால் சூடு கால்வாசிதான்: 500 வாட் குக்கர் 125 வாட்டில் ஓடும். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் வெதுவெதுப்பான நீரில் அரிசி ஊறியிருக்கும். மின்னழுத்தம் ஏற்றும் பெட்டி அந்த வாட்டுக்கு நாலைந்து கிலோ கனக்கும். அடுப்புள்ள அறையாகப் பார்த்து எடுத்து, ஒரு பாத்திரத்தில் வடித்துவிடுங்கள். கைப்பேசி, மடிக்கணினி மின்னேற்றிகளில் ‘100-240’ என்று அச்சிட்டிருந்தால் எங்கும் செல்லும். முடி உலர்த்தியை வீட்டிலேயே விடுங்கள். பொட்டலம் பிரிக்காத ரசப்பொடி, சாம்பார் பொடி கொண்டுபோகலாம், கேட்டால் காட்டுங்கள். பச்சைக் கறிவேப்பிலையைப் பிடுங்கிக்கொள்வார்கள்.

ராணுவத்தில் தேசிய சேவை பார்த்த பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பெட்டியை ஒருமுறை சோதியுங்கள். பார்படோஸ், டிரினிடாட், ஜமைக்கா, செயின்ட் லூசியா உள்ளிட்ட தீவுகளில் ராணுவத் திட்டு அச்சிட்ட உருமறைப்புத் துணி பொதுமக்களுக்குச் சட்டப்படி தடை. தொப்பி, முதுகுப்பை, மூன்று வயதுக் குழந்தையின் அரைக்கால் சட்டை எல்லாமே அடங்கும். விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள்.

பணம்: சிங்கப்பூர் வெள்ளியை அங்கே மாற்ற முடியாது. சிறு நோட்டாக அமெரிக்க டாலர் கொண்டுபோங்கள். பார்படோஸ் டாலர் இரண்டுக்கு அமெரிக்க டாலர் ஒன்று. செயின்ட் லூசியா போன்ற தீவுகளில் புழங்கும் கிழக்குக் கரீபியன் டாலர் 2.70க்கு ஒன்று. இரண்டும் பல்லாண்டுகளாக மாறாத விகிதம். பார்படோஸ் டாக்சிக்கு மீட்டர் இல்லை, ஏறுமுன் பேசுங்கள். ‘நாற்பது டாலர்’ என்றால் எந்த டாலர் என்று கேளுங்கள். செயின்ட் லூசியாவில் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டால் ஏறக்குறைய மூன்று மடங்கு கொடுப்பீர்கள்.

கடற்கரையில் இரண்டு. நமக்கு ஆண்டு முழுக்க ஏழு மணிக்குப் பொழுது சாய்ந்தே பழக்கம். பார்படோஸில் டிசம்பரில் மாலை 5.30க்கே சூரியன் போய்விடும். மதியம் தூங்கி நாலரை மணிக்குக் கடலுக்குப் போகும் குடும்பம் ஒன்றரை மணி நேரத்தில் இருட்டில் நிற்கும். காலை 6.30க்கு இறங்கிவிடுங்கள், நேர மாற்றத்தால் எப்படியும் விழித்திருப்பீர்கள். இன்னொன்று மாஞ்சினீல் மரம். கரையோரம் நல்ல நிழல் தரும், சின்னப் பச்சை ஆப்பிள் மாதிரிக் காய் உதிர்ந்து கிடக்கும். காயும் பாலும் நஞ்சு. மழைக்கு அதன் கீழே ஒதுங்கினால் சொட்டும் நீரிலேயே தோல் கொப்பளிக்கும். தண்டில் சிவப்புப் பட்டை அடித்தோ பலகை வைத்தோ எச்சரிப்பது வழக்கம். எல்லா மரத்திலும் இருக்காது, பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

காப்புறுதியை விமானச்சீட்டு வாங்கிய அன்றே வாங்குங்கள். புயலுக்குப் பெயர் வைத்தபின் வாங்கிய காப்புறுதி அந்தப் புயலுக்குப் பொதுவாகச் செல்லாது. சிறு தீவு மருத்துவமனைகளில் பெரிய சிகிச்சைக்கு வசதி குறைவு. அவசரமாக வேறு நாட்டுக்கு விமானத்தில் கொண்டுபோகும் செலவு எவ்வளவு வரை உண்டு என்ற வரியைத் தேடிப் படியுங்கள். விலை ஒப்பிடும் பட்டியல்களில் அது கடைசியில் கிடக்கும்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். பயணப் பக்கங்களில் தொலைதூரத் தீவுகளைப் பற்றி எழுதும்போது விலையோடு மூன்று தகவலையும் சேர்த்து அச்சிட்டால் நன்றாக இருக்கும்: எந்த விமான நிலையத்தில் இறங்கி எதில் ஏறுகிறோம், ஒரே சீட்டா இரண்டா, இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசிக்கு வழியில் எந்த விசா தேவை. தமிழ் முகவர்களின் விளம்பரங்களிலும் இதைக் கேட்டு வாங்கலாம்.

இப்படிக்கு,
பயண ஏற்பாட்டுத் துறையில் இருக்கும் வாசகர்,
உட்லண்ட்ஸ்